வாசலில் இருக்கும் புல்லை எடுக்க மாட்டேன்

தினேசு,

முடியாது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்தாலும் இது மாறப்போவதில்லை. நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டதால், அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பாய். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கட்டிக்கொள்ளப்போகிற மாரிச்செல்வியின் வீட்டார் தென்காசிப் பக்கத்திலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் வாசலில் இருக்கும் புல்லையெல்லாம் பொக்லைன் வைத்து வாரிவிட்டுச் சிமெண்ட் கல் பதிக்க ஆள் அனுப்புகிறேன், அரை நாள் வேலை என்றாய். ஆளை அனுப்பாதே. அனுப்பினால் கேட்டைத் திறக்க மாட்டேன். போனில் இதைச் சொல்லியிருந்தால் நீ குறுக்கே பேசியிருப்பாய், நானும் கத்தியிருப்பேன், எப்போதும் போல உங்கப்பா நடுவில் வந்து போனை வாங்கி "சரி வுடு, அப்பால பேசிக்கலாம்" என்று வைத்திருப்பார். எழுதினால் நீ முடிகிற வரை கேட்டுத்தான் ஆகவேண்டும். பத்தாவது வரை படித்த படிப்புக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. நீ படித்ததும் இதை மாரிச்செல்வியிடம் கொடு. உங்கப்பா படித்துவிட்டார். என்னோடு வேலை செய்கிற அஞ்சலைக்கு நான் படித்துக் காட்டப்போகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்ததால் வந்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எப்படிப் புல்லுக்காரி ஆனேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாய். ஒரகடத்தில் அந்தக் கார் பாகம் செய்கிற கம்பெனிக்குச் சுவர் எழும்பிய வருஷம். நம் தெருவில் எட்டுப் பெண்களைத் தோட்ட வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன்பு எங்களுக்குத் தெரிந்த வேலை நாற்று நடுவது, களை எடுப்பது, அறுப்பது. முதல் நாள் லாரியில் பாய் போலச் சுருட்டிய புல் வந்து இறங்கியது. அதை விரித்துப் பதிக்க வேண்டும், தண்ணீர் விட வேண்டும், நடுவில் வேறு புல் முளைத்தால் பிடுங்க வேண்டும் என்றார் மேற்பார்வைக்காரர். அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நேத்து வரிக்கும் புடுங்கினு இருந்தோம், இன்னிக்கு நடுறோம். புல்லுல கூட ஜாதி கீதுபோல" என்றாள். எட்டுப் பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே பதித்தோம்.

மறு வருஷம் ஓசூர்ப் பக்கத்து நர்சரியிலிருந்து தொட்டி தொட்டியாக வேறு புல் வந்தது. அழகுக்கு வைக்கிற புல் என்றார்கள். ஒன்று கத்திரிக்காய் நிறம், நுனியில் நீளமாக, மெத்தென்று, நரியின் வால் மாதிரிப் பூ. இன்னொன்று ஆள் உயரம், பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நாணல். அட்டையில் இருந்த பெயரை எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. நரிவால், பட்டை நாணல் என்று நாங்களே பெயர் வைத்தோம், பிறகு மேற்பார்வைக்காரரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் வெட்டிவேர் வைத்தோம். அதை மட்டும் எங்களுக்கு முன்பே தெரியும்.

அந்தப் புல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. தப்புச் செய்து செய்துதான் கற்றுக்கொண்டோம். முதல் வருஷம் ஆசையில் யூரியா போட்டேன். தளதளவென்று வளர்ந்தது, ஒரே காற்றில் குடை கவிழ்ந்த மாதிரி நான்கு பக்கமும் சாய்ந்துவிட்டது. அதற்கு எருவும் வேண்டாம், தினம் தண்ணீரும் வேண்டாம், நல்ல வெயில் போதும் என்று அப்போது புரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அடியில் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். முதலில் புல் கொத்தை, தூர் என்போம் அதை, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கட்டுக்குக் கீழே அறுத்தால் ஒரு இழை கூடச் சிதறாமல் கதிர்க்கட்டு போலக் கையோடு வரும். இதை நான் கண்டுபிடித்தேன். நெல் அறுத்த கை, தானாகவே செய்தது. மூன்று நான்கு வருஷமானால் தூரின் நடுவில் சொட்டை விழும். அப்போது மழைக்கு முன்னால் கடப்பாரை போட்டுப் பிளந்து, நடுவை எறிந்துவிட்டு ஓரத்தில் இருக்கும் இளந்தூரைப் பிரித்து நட வேண்டும். இலை பிளேடு மாதிரி அறுக்கும், அதனால் உங்கப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன். நீ பார்த்து முகம் சுளித்த அந்தச் சட்டைதான். இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ டிப்ளமோ முடித்து அதே கம்பெனியில் அட்மின் பிரிவில் டிரெயினியாகச் சேர்ந்தாய். எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. முதல் நாள் காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ம்மா, உள்ள என்னப் பாத்தா பேசாத. அப்பால ஒரு மாதிரி ஆயிடும்" என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. "சரி கண்ணு, சார்னு கூப்புடுறேன்" என்றேன். தமாஷுக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன், ஆனால் அப்படியே நடந்தது. இரண்டு வருஷம், கேட்டுக்கு உள்ளே நீ எனக்கு சார். என்னோடு வேலை செய்த ஏழு பெண்களும் வாயைத் திறக்கவில்லை. உங்கப்பா அந்தக் கம்பெனி பஸ்தான் ஓட்டினார், அவரும் திறக்கவில்லை. ஒரு நாள் கேன்டீன் ஓரம் நான் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது நீ யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு என் காலடியில் டீ கப்பைப் போட்டுவிட்டுப் போனாய். என்னைப் பார்க்காமல் போட்டாய் என்று எனக்குத் தெரியும். பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

இதில் உன் தப்பைவிட என் தப்பு பெரியது. உனக்கு அப்போது இருபது வயது, வெட்கப்படுகிற வயது. எனக்கு நாற்பத்தைந்து. அன்று காலையிலேயே "போடா, அம்மான்னுதான் கூப்புடணும்" என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருப்பாய், பிறகு சரியாகியிருக்கும். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதன் மூலம், ஆமாம், இது மறைக்க வேண்டிய வேலைதான் என்று நானே உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். உனக்கு அப்படி ஒரு எண்ணம் வேர் பிடித்ததற்கு நான்தான் தண்ணீர் விட்டேன். இதை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தச் சித்திரை மாதத்துக்கு வருகிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் உன் பக்கத்திலிருந்துதான் ஞாபகம் இருக்கும். முந்தின மழைக்காலம் பொய்த்துவிட்டது. நரிவாலும் நாணலும் காய்ந்து வைக்கோல் நிறமாக நின்றன. வேண்டுமென்றேதான் நான் அறுக்காமல் விட்டிருந்தேன். வெயிலில் அறுத்தால் குருத்து விடும், குருத்துக்குத் தண்ணீர் வேண்டும். காய்ந்த தாள் அப்படியே நின்றால் தூருக்கு நிழல், ஒரு மழை பெய்ததும் அறுத்தால் மூன்று வாரத்தில் பச்சை. மேனேஜருக்கு அது செத்த புல்லாகத் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், முன்பக்கம் முழுவதும் தோண்டி எறிந்துவிட்டுப் புதுசாக லான் விரிக்க வேண்டும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ கையில் ஒரு தாளோடு வந்தாய். ஷிப்ட் மாறுகிற நேரம். பஸ்ஸுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், கேன்டீன் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் வாசல் கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தார்.

நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "சார், இது சாவல. வெயிலுக்குக் காஞ்சி நிக்கிது. ஒரு மழ வர்ற வரிக்கும் வுடுங்க" என்றேன். உங்களிடம் யோசனை கேட்கவில்லை, சொன்ன வேலையைச் செய்யுங்கள் என்றாய். லானுக்குத் தினம் நாலு டேங்கர் வேண்டுமே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்டேன். அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்றாய். நீ அப்படிச் சொன்னபோது உன் கண் என்னைத் தாண்டி மேனேஜரைப் பார்த்தது. அந்த டேங்கர் நம் ஊர்க் கோடியில் இருக்கும் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது. விடிந்ததும் லாரி வந்து ஹோஸைப் போட்டுவிடும், அது முடிந்த பிறகு கலங்கலாக மிஞ்சுவதற்காக நம் தெருப் பெண்கள் வரிசையில் நிற்போம். உனக்கு அது தெரியாமல் இல்லை. அந்தத் தண்ணீரில்தான் நீ அன்று காலை குளித்துவிட்டு வந்தாய்.

அப்போதுதான் எனக்கு வாய் வழுக்கிவிட்டது. "டேய் தினேசு, அந்தக் கெணத்தாண்ட காத்தால கொடத்த வெச்சிகினு நிக்கிறது யாருன்னு தெரியாதாடா உனக்கு? உன்னப் பெத்தவதாண்டா நிக்கிறேன்" என்றேன். நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். உன் காது நுனி சிவந்ததை நான் பார்த்தேன். நீ சின்னப் பிள்ளையில் அழப்போகும்போது அப்படித்தான் சிவக்கும். நீ அழவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

புல்லுக்காகப் பேசினேன், தண்ணீருக்காகப் பேசினேன் என்று ஊரில் என்னைப் பற்றிச் சொல்லுவார்கள். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். புல்லுக்காகவும் தண்ணீருக்காகவும் பேசினது முதல் இரண்டு வாக்கியம்தான். மூன்றாவது வாக்கியம் இரண்டு வருஷமாக என்னை அம்மா என்று கூப்பிடாததற்காக. அது உன் வேலை நிரந்தரமாகிற மாதம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அத்தனை பேர் முன்னால் பேசினேன். நிரந்தரம் தள்ளிப்போனது. புல்லுக்காரி மகன் என்று லைனில் உன்னைக் கூப்பிட்டார்கள், நீ வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு மறைமலை நகருக்குப் போனாய். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும். தண்ணீரைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் காலை என் கேட் கார்டை வாங்கிக்கொள்ள உன்னைத்தான் அனுப்பினார்கள். நீ கையை நீட்டினாய், நான் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ உள்ளே போய்விட்டாய். புல்லைத் தோண்டி எறியச் சொல்லி உத்தரவு வந்தது. மற்ற ஏழு பேரும் தோண்டினார்கள். ஆனால் எறிகிற மாதிரித் தோண்டவில்லை. அஞ்சலை ஒவ்வொரு தூரையும் சுற்றிலும் கடப்பாரை விட்டு, தாய்மண்ணோடு எடுத்து, நனைத்த கோணியில் கட்டிக் கேட்டுக்கு வெளியே வரிசையாக வைத்தாள். குப்பைதானே சார், எடுத்துக்கொண்டு போகலாமா என்று மேற்பார்வைக்காரரிடம் கேட்டாள். எதையாவது செய் என்றார். முப்பத்திரண்டு தூர். நான் ரோட்டோரம் நின்றுகொண்டு, ஷேர் ஆட்டோவில் எத்தனை தடவை போனாலும் ஏறாதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் ஷிப்ட் முடிந்து உங்கப்பாவின் பஸ் வெளியே வந்தது. நேரே என் முன்னால் நிறுத்தினார். அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு விதியை மீறியதில்லை, உனக்குத் தெரியும், சிக்னல் இல்லாத இடத்தில்கூட நின்று போவார். கதவைத் திறந்து, "ஏத்து" என்றார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் தெற்கத்திப் பையன்கள், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்தவர்கள், ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை. ஆளுக்கொரு தூரை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பஸ் முழுவதும் நரிவாலும் நாணலும் தலைக்கு மேல் ஆடிக்கொண்டு வந்தன. பக்கத்தில் இருந்த பையன், "யக்கா, இத மாடு திங்குமா?" என்று கேட்டான். திங்காது என்றேன். கூரை வேயலாமா என்றான். அதற்கும் ஆகாது என்றேன். "பொறவு இது எதுக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை, நம் தெரு முனை வரும் வரை தூரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நேற்று நீயும் அதைத்தானே கேட்டாய். அந்த இடத்தில் முருங்கை வைத்தாலும் ஒரு அர்த்தம் உண்டு, மல்லி வைத்தால் சாமிக்காவது ஆகும், இது எதற்கு என்றாய். தினேசு, நான் பிறந்ததிலிருந்து என் கையால் வளர்த்ததெல்லாம் யாருக்காவது உபயோகப்படுவதற்காகத்தான். நெல் வளர்த்தேன், கீரை வளர்த்தேன், மாடு வளர்த்தேன், உன்னை வளர்த்தேன். எதற்கும் உதவாத ஒன்றை, பார்த்துக்கொண்டு நிற்பதற்காக மட்டும் ஒன்றை வளர்க்க எனக்கு உரிமை இல்லையா? கம்பெனிக்காரன் வைத்தால் அது அழகு, நான் வைத்தால் அது புதரா? சாயங்காலம் கதிர் நுனியில் வெயில் படும்போது நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் காரணம். இதற்கு மேல் ஒரு காரணம் சொல்லமாட்டேன்.

பாம்பு வரும் என்று தெருவில் சொன்னார்கள். நீயும் சொன்னாய். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு தடவை வந்தது. சாரை. எலியைப் பிடித்துக்கொண்டு அது வந்த வழியே போய்விட்டது. தெருக்காரர்கள் வந்து எடுத்துவிடு என்று நின்றார்கள். அடியைச் சுத்தமாக வைத்திருக்கிறேன், காய்ந்த தாளை அப்போதைக்கப்போது வாரிவிடுகிறேன், இதற்கு மேல் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அவர்களில் இரண்டு பேர் வீட்டு வாசலில் என் நாணல் நிற்கிறது. கார்டு போன ஆறு மாதத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்று அவர்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது, பிறகு புது மனைப்பிரிவில் நாலைந்து வீடு. அஞ்சலையும் கம்பெனியை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டாள். வாரத்தில் ஆறு நாள் காக்கிச் சட்டையோடு நான் ரோட்டில் நடக்கிறேன். வணக்கம் சொல்கிறார்கள்.

இன்னொரு தப்பையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இது யாருக்கும் தெரியாது. நீ மறைமலை நகர் ரூமில் அம்மை போட்டுப் படுத்திருந்தாய். உங்கப்பா பார்த்துவிட்டு வந்து, உடம்பு முழுக்கக் கொப்புளம், பையன் துவண்டு கிடக்கிறான் என்றார். நான் வேப்பிலையும் இளநீரும் அவரிடம் கொடுத்து அனுப்பினேன், நான் வரவில்லை. வீட்டில் வேலை, ஹாஸ்டலில் வேலை என்று சொல்லிக்கொண்டேன். பொய். நீ ஒரு போன் போட்டு அம்மா வா என்று கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தேன். பத்து நாளும் அந்த பட்டன் போனை இடுப்பிலேயே வைத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை, நான் வரவில்லை. தாய் என்றால் கூப்பிடாமல் போக வேண்டாமா என்று அஞ்சலை கேட்டாள். அவள் கேட்டது சரி. என்னுடைய பிடிவாதத்தில் எல்லாமே நியாயம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பத்து நாள் பிடிவாதம் நியாயமில்லாதது.

ஆனால் நேற்று நீ கேட்ட இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். புல்லை எடுப்பதைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, போனை வைக்கும்போது, சாதாரணமாகச் சொல்வது போல, "அவுங்க வூட்ல நீ வூட்டோட கீறேன்னுதான் சொல்லிகீறேன் ம்மா. அதுக்கேத்த மாரி பேசு" என்றாய். அதற்குப் பிறகுதான் நான் பேச்சில்லாமல் வைத்தேன். உனக்கு இப்போது இருபத்தைந்து வயது. அன்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கேட்டதையே இன்றும் கேட்கிறாய். அன்று சரி என்றேன், அதன் பலனை இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். இன்னொரு தரம் சரி என்று சொல்லமாட்டேன். ஒன்று தெரிந்துகொள், நாளைக்கு மாரிச்செல்வியோடு குடித்தனம் நடத்தும்போதும் இது உனக்கு ஆகும்: நீ சொன்ன பொய்யைச் சுமக்கும்படி இன்னொருவரைக் கேட்காதே. சொன்னவனுக்கு அது ஒரு வார்த்தை. சுமக்கிறவர்களுக்கு அது தினம் தினம் வேலை. நான் சுமந்து பார்த்தவள்.

அதனால் இன்று காலை ஒரு காரியம் செய்தேன். வருகிற நேரத்தைப் பேசிக்கொள்ள நீ கொடுத்த நம்பரில் மாரிச்செல்வியின் அம்மாவைக் கூப்பிட்டேன். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், ஆனால் தடுக்கவில்லை. முதலில் பயணத்தைப் பற்றிப் பேசினோம். எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும், உங்கப்பா ஸ்டேஷனுக்கு வருவார், எல்லாம் சொன்னேன். அந்த அம்மா மெதுவாக, ரொம்ப மரியாதையாக, நீங்க நீங்க என்றே பேசினார். பிறகு சொன்னேன். நான் வீட்டோடு இருப்பவள் இல்லை, தோட்ட வேலை செய்கிறவள். உங்கள் மாப்பிள்ளை முதலில் வேலை பார்த்த கம்பெனியில் நானும் வேலை செய்தேன், அங்கிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள், என் பையன் கையால்தான் கார்டை வாங்கினார்கள். எங்கள் வாசலில் ஆள் உயரத்துக்குப் புல் நிற்கும், பார்த்து பயப்படாதீர்கள், நான் வைத்ததுதான். இது பிடிக்காவிட்டால் ரயில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை. இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நான் பீடி சுத்துதேன் மதினி" என்றார் அந்த அம்மா. அதுவரை நீங்க என்றவர், முதல் தடவையாக மதினி என்றார். "பதினாலு வயசுல தட்டத் தூக்குனது, இன்னும் எறக்கல. அவ அப்பா போன பொறவு மூணு பிள்ளையளயும் அதுலதான் படிக்கவச்சேன். அங்க வந்து அதச் சொல்லப்பிடாதுன்னு எம் மவ சொல்லியிருக்கா. வெவசாயம்னு சொல்லணுமாம். கையில பொவையில வாட போவ எலுமிச்சம்பழம் தேய்ச்சிட்டு வரச் சொல்லுதா. நேத்துலருந்து தேய்ச்சிட்டுருக்கேன், போவமாட்டேங்கு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று உங்கப்பாவைத்தான் கேட்க வேண்டும். உங்கள் இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. ஒருவரிடம் ஒருவர் எத்தனை நாளாகப் பேசுகிறீர்கள்? மறைமலை நகரில் ஒரே கம்பெனியில் வேலை செய்து, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, கல்யாணம் வரை வந்தாயிற்று. நீ உன் அம்மாவை மறைக்கிறாய், அவள் தன் அம்மாவை மறைக்கிறாள். எதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தப் போகிறீர்கள்?

எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பீடி சுற்றுகிற தட்டையும் கொண்டுவரச் சொன்னேன். ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் எனக்கும் கை பரபரக்கும் மதினி, கொண்டுவந்துருதேன் என்றார். சாப்பாடு முடிந்ததும் அவர் கூடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுவார். வாசலில் ஒரு நரிவால் தூர் நடுவில் சொட்டை விழுந்து பிளப்பதற்குத் தயாராக இருக்கிறது. நான் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதைப் பிளப்பேன். அவருக்கு ஒரு இளந்தூர் வேண்டுமாம், ரயிலில் எடுத்துப்போவதற்கு நனைத்த கோணியில் கட்டித் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை உங்கப்பா காலை ஷிப்டுக்குப் போகும்போது உன் ரூமில் கொடுத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை நீயும் மாரிச்செல்வியும் வருகிறபோது நாங்கள் இரண்டு அம்மாக்களும் எங்களை அறிமுகம் செய்துகொள்ளமாட்டோம். அதை நீங்கள்தான் செய்ய வேண்டும், வந்திருக்கிற மாமன் மச்சான் எல்லாரும் கேட்கும்படி. முதலில் நீ சொல்ல வேண்டும். "இது எங்கம்மா, தோட்ட வேல செய்றாங்க." அவ்வளவுதான். நாக்கு கொஞ்சம் மடங்கும். சொல்லிப் பழகிக்கொள், இன்னும் நாலு நாள் இருக்கிறது.

அம்மா